கடற்கரையில் ஆமைப் பேச்சு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

நாள்: 16 பிப்ரவரி 2026

பெறுநர்: ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்

பொருள்: பெசன்ட் நகர் கடற்கரையில் தன்னார்வலர்கள் நிகழ்த்தும் கடலாமைப் பேச்சுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதும், பெற்றோர் உடன் வர வேண்டியதும் குறித்து.

அன்புடையீர், வணக்கம்.

வரும் மார்ச் மாதம் 7, 14, 21 ஆகிய மூன்று சனிக்கிழமை மாலைகளில், பெசன்ட் நகர் கடற்கரையில் உள்ள ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் தன்னார்வலர்கள் பொதுமக்களுக்காக நிகழ்த்தும் பேச்சைக் கேட்க, நம் பள்ளி மாணவர்களை ஒரு மாலைக்கு 25 பேர் வீதம் அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவருடனும் தாயோ தந்தையோ, அவர்களால் இயலாதபோது தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என வீட்டுப் பெரியவர் ஒருவரோ கட்டாயம் வர வேண்டும் என்பது இந்த ஆண்டின் ஏற்பாடு. இந்த நிபந்தனையைக் கேட்டுச் சில பெற்றோர் வகுப்பாசிரியர்களிடம் வருத்தம் தெரிவித்ததாக அறிந்தேன். சனிக்கிழமையிலும் வேலைக்குச் செல்வோர் நம்மிடையே பலர் உண்டு என்பது எனக்குத் தெரியாததன்று. ஆகவே காரணத்தை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு இதே பேச்சுக்கு இரண்டு பேருந்துகளில் ஏறத்தாழ 90 மாணவர்களை ஒரே மாலையில் அழைத்துச் சென்றோம். ஒரு பிள்ளையும் விடுபட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் அந்த முடிவை எடுத்தவன் நான்தான். அங்கே ஒலிபெருக்கி கிடையாது. மூங்கிலும் வலையும் கொண்டு அடைத்த பொரிப்பகத்தின் ஓரத்தில் நின்றபடி, கல்லூரி மாணவர் ஒருவர் தம் சொந்தக் குரலில் பேசினார். கடற்காற்றும் அலைச் சத்தமும் சேர்ந்துகொண்டதில் முதல் இரண்டு வரிசைகளுக்கு அப்பால் ஒரு சொல்லும் எட்டவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் மணலை அள்ளி வீசிக்கொண்டும் சுண்டல்காரரைச் சூழ்ந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காதில் விழாத பேச்சை எவ்வளவு நேரம்தான் கேட்பது?

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. அன்று பொரித்த குஞ்சுகளை அலைக்குச் சில மீட்டர் முன்பாகவே மணலில் இறக்கிவிட்டார்கள். அந்தத் தூரத்தைக் குஞ்சுகள் தாமாகவே ஊர்ந்து கடக்க வேண்டும் என்பதால் அவற்றை நேரே தண்ணீரில் விடுவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் கருஞ்சாம்பல் குஞ்சுகள், துடுப்பு போன்ற முன்கால்களை மாற்றி மாற்றி வீசிக்கொண்டு, மனிதர் ஒருவரின் கால்தடப் பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறி, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேளையில் ஒரு கைபேசியின் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. நான்கைந்து குஞ்சுகள் சட்டென்று திரும்பி அந்த வெளிச்சத்தை நோக்கி வரத் தொடங்கின. பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்க நினைத்த என்னுடைய கைபேசிதான் அது. அந்த இளைஞர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். பேச்சின் தொடக்கத்திலேயே அந்த எச்சரிக்கையை அவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு அது கேட்கவில்லை.

எனவேதான் இந்த ஆண்டு 25 பேர். அத்துடன், அங்கே சொல்லப்படுவதைப் பிள்ளையும் பெரியவரும் ஒரே இடத்தில் நின்று கேட்டால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள ஓர் ஆள் இருக்கும் என்பதையும் கருதினேன். ஆசிரியர் சொல்லிப் பிள்ளை கேட்பது வகுப்பறையில் நாள்தோறும் நடக்கிறது. இது வேறு வகையான கேட்டல்.

சென்னைக் கடற்கரையில் இந்தப் பணி புதிதாகத் தொடங்கியதன்று. 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கர் உள்ளிட்ட அவருடைய நண்பர்களும் இரவு நேரங்களில் இந்த மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து கல்லூரி மாணவர்களே கூடி அமைத்த மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அந்த நடையைத் தொடர்ந்துவருகிறது. படித்து முடித்து வேலைக்குப் போகிறவர்கள் விலக, புதிய மாணவர்கள் வந்து சேர, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஊதியம் ஏதுமின்றி ஒரு பணி கைமாறிக்கொண்டே வந்திருப்பது, ஆண்டுதோறும் ஒரு மாணவர் மன்றத்தைக் கட்டி இழுப்பதற்கே திணறும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது.

சதீஷ் பாஸ்கரைப் பற்றிய ஒரு செய்தியைச் சென்ற ஆண்டு முன்வரிசையில் நின்ற மாணவியர் வகுப்பில் திரும்பச் சொன்னார்கள். 1982இல் ஆமைகளை ஆராய்வதற்காக லட்சத்தீவுகளில் ஆள் வாழாத சுகேலித் தீவு ஒன்றில் மழைக்காலம் முழுவதும் அவர் தனியாகத் தங்கியிருந்தார். படகுப் போக்குவரத்து இல்லாத அந்த மாதங்களில், மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதை அஞ்சலில் உரியவருக்கு அனுப்பிவைத்தார். ஆமையின் உயிரியல் பெயரை மறந்துபோன பிள்ளைகளும் இந்தப் புட்டியை மறக்கவில்லை.

பேச்சில் என்னென்ன இடம்பெறும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை. ஜனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும், இரவில் தாய் ஆமை கரையேறி, பின்கால்களால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை வடிவில் குழி பறித்து, நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. முட்டைகள் மேசைப்பந்தைப் போல வெள்ளையாக, உருண்டையாக இருக்கும்; ஆனால் ஓடு கெட்டியாக இராது, தொட்டால் அழுந்தும். குழியை மூடிய பிறகு, 40 கிலோ அளவுக்கு எடையுள்ள அந்த உடலை இடமும் வலமுமாக உயர்த்தி உயர்த்தி மணலின் மீது மோதி இறுக்கிவிட்டு, தான் ஈன்ற ஒன்றையும் பார்க்காமலே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதன் கண்களில் வழியும் நீரைக் கண்டு தாய் அழுகிறாள் என்று சொல்லும் வழக்கம் உண்டு. உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது என்று தன்னார்வலர்கள் விளக்குவார்கள்.

இரவில் தாய் ஆமை மணலில் விட்டுச்சென்ற தடத்தைப் பின்பற்றிச் செல்லும் தன்னார்வலர்கள் முட்டைகளை அசைவின்றி எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைத்து, எண்ணிக்கையும் தேதியும் எழுதிய அட்டையைச் செருகுகிறார்கள். 45 நாள் முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. குழியின் வெப்பநிலைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை இந்த ஒரு செய்தியை வைத்தே ஒரு வாரப் பாடம் நடத்தலாம் என்கிறார். தேர்வு நெருங்குவதை நினைவூட்டி நான்தான் அவரைத் தடுத்து வைத்திருக்கிறேன்.

முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும், இயற்கையாக விட்டுவிடக் கூடாதா என்று ஒரு தந்தை எனக்கு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நாய்கள் தோண்டிவிடுவது ஒரு காரணம். ஆனால் நகரத்தில் அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். மணலிலிருந்து மேலே வரும் குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் அடிவானம் வெளிறித் தெரிகிறதோ அந்தப் பக்கம் போகும். நிலவொளியையும் விண்மீன் ஒளியையும் நீர்ப்பரப்பு எதிரொளிப்பதால் கடற்பக்கமே வெளிறித் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று நம் கரையில் சாலை விளக்கும் கடை விளக்கும் கடலைக் காட்டிலும் பிரகாசமானவை. பொரிப்பகம் இல்லாவிட்டால் குஞ்சுகள் தார்ச்சாலையை நோக்கித்தான் வரும். என் கைபேசி செய்ததையே ஊர் முழுவதும் இரவெல்லாம் செய்துகொண்டிருக்கிறது.

இனி எழுதப்போவது, கடலுக்குப் போய்த் தொழில் செய்யும் பெற்றோர்களுக்காக. நம் மாணவர்களில் கணிசமானோர் குப்பத்துப் பிள்ளைகள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். இந்த ஆண்டும் அதைப் பற்றிக் கேட்பார்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்குள் இழுபட்டால் மூச்சுத்திணறி இறந்துவிடும் என்று தன்னார்வலர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைல் தூரத்துக்குள் இழுவலை இடக் கூடாது என்ற விதி இம்மாநிலத்தில் இருப்பதையும் சொல்வார்கள். இதைக் கேட்டு, கட்டுமரமும் நாரிழைப் படகும் வைத்துக் கரையோரம் வலை விடும் தகப்பனின் பிள்ளை, தன் அப்பாவைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பக் கூடாது என்பதில் நான் கவனமாக இருக்கிறேன். அதற்கு நீங்களே அங்கு இருப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

மேலும், உங்களிடம் உள்ள அறிவு எங்களுடைய பாடநூலில் இல்லை. பங்குனி ஆமை என்ற பெயரே உங்களுடையது; பேராமை, அழுங்காமை, எழுவரி ஆமை, பெருந்தலை ஆமை என்று ஐந்து வகைகளையும் பிரித்துச் சொல்லும் சொற்களும் கடலோர மக்கள் தந்தவையே. சென்ற ஆண்டு ஒரு மாணவனின் தாத்தா, நீரோட்டம் வடக்கே திரும்பும் நாளையும் ஆமை மிதக்கும் நாளையும் இணைத்து இரண்டு வாக்கியம் சொன்னார். பேசிக்கொண்டிருந்த இளைஞர் தம் பேச்சை நிறுத்திக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த மாலையில் எனக்கு நிறைவளித்த காட்சி அது ஒன்றுதான். இம்முறை அப்படிப் பேச விரும்பும் பெற்றோர் முன்கூட்டியே தெரிவித்தால், தன்னார்வலர்களிடம் சொல்லி அதற்கென நேரம் ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பொதுமக்களுக்காக நடக்கும் ஆமை நடை பற்றியும் சிலர் கேட்டீர்கள். நள்ளிரவை ஒட்டிப் பேச்சுடன் தொடங்கி, விடியும் முன்பு வரை மணலில் பல கிலோமீட்டர் நடப்பது அது. நடந்தும் ஒரு ஆமையைக்கூடப் பார்க்காமல் திரும்புவோர் உண்டு. பள்ளியின் சார்பில் மாணவர்களை அதற்கு அழைத்துச் செல்ல மாட்டோம். குடும்பமாகச் செல்ல விரும்புவோர் மேலே சொன்ன மாணவர் வலையமைப்பினரிடம் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

மாலை நிகழ்ச்சிக்கு வருவோர் 4.30 மணிக்குள் பள்ளி வாயிலில் கூட வேண்டும். 7 மணிக்குத் திரும்பிவிடுவோம். குஞ்சுகள் எந்த நாளில் பொரிக்கும் என்பது எவர் கையிலும் இல்லை. ஆகவே குஞ்சு பார்க்கப் போகிறோம் என்று சிறு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேச்சு உறுதி, குஞ்சு அதிர்ஷ்டம் என்று சொல்லி அழைத்து வாருங்கள். கைபேசிகளைப் பள்ளியிலேயே ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வோம். அவசரத் தொடர்புக்கு உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு கைபேசி இருக்கும். பெட்டியில் முதலில் விழப்போவது என்னுடையது. விளக்கு மின்னும் காலணிகளையும் தவிர்க்கவும். தின்பண்டம் கொண்டுவந்தால் உறையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துச் செல்ல வேண்டும்.

இது கட்டாய நிகழ்ச்சியன்று, மதிப்பெண்ணும் இல்லை. உடன் வரப் பெரியவர் எவரும் இல்லாத பிள்ளைகள் இதனால் விடுபட வேண்டியதில்லை. அத்தகைய பெற்றோர் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால், அருகில் குடியிருக்கும் மற்றொரு பெற்றோருடன் அப்பிள்ளையைச் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்கிறோம். மூன்று மாலைகளுக்கும் சேர்த்து 75 இடங்களே உள்ளதால், விண்ணப்பங்கள் அதற்கு மேல் வந்தால் சென்ற ஆண்டு பின்வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கே முன்னுரிமை தருவோம்; அவர்களுக்கு நான் ஒரு பேச்சு கடன்பட்டிருக்கிறேன்.

இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் உங்களுக்கு ஏற்ற தேதியைக் குறித்து, உடன் வருபவரின் பெயரையும் உறவுமுறையையும் எழுதிக் கையொப்பமிட்டு, பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்