தப்பிப் பிழைத்ததெல்லாம் தடுப்பு ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு பகை நாடுகள் ஒன்றோடொன்று போரிடத் துணியா என்ற கருத்து, விவாதத்துக்கே இடமில்லாத உண்மைபோல இன்று பேசப்படுகிறது. 1945-க்குப் பிறகு வல்லரசுகள் நேருக்கு நேர் பெரும்போரில் இறங்கவில்லை என்பதையும், அந்தத் தயக்கத்தில் ஹிரோஷிமா, நாகசாகியின் நினைவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு அணுகுண்டு போரையே தடுத்துவிடும் என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவுக்காகச் சோவியத் படையும் சீனப் படையும் மோதிக்கொண்டபோது இரண்டு நாடுகளிடமும் அணுகுண்டு இருந்தது. 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுச் சோதனை நடத்தின. ஓராண்டுக்குள் கார்கில் போர் மூண்டு, இந்தியத் தரப்பில் மட்டும் 527 வீரர்கள் உயிரிழந்தனர். இந்தியா போரைப் பெரிதாக்கத் துணியாது என்ற நம்பிக்கையே பாகிஸ்தானின் ஊடுருவலுக்குத் துணிவு தந்தது என்று கருத இடமிருக்கிறது. பெரும்போருக்குப் பூட்டுப் போட்ட அதே ஆயுதம், சிறிய போருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பெரும்போரும்கூட எப்படித் தவிர்ந்தது என்பதைக் கிட்டத்தில் சென்று பார்க்க வேண்டும். 1962 அக்டோபர் 27 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின் உச்சத்தில், பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து, அதை மேலே வரவழைப்பதற்காகச் சிறு வெடிகளை நீருக்குள் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது. மின்கலங்கள் தீரும் நிலை. மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. மேலே போர் தொடங்கிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. அணுகுண்டு பொருத்திய டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்) ஒன்று அந்தக் கப்பலில் இருப்பதைச் சுற்றி நின்ற அமெரிக்கர்கள் அறிந்திருக்கவில்லை. பொறுமையிழந்த கப்பல் தலைவர் அதைத் தயார் செய்யச் சொன்னதாகவும், வசீலி அர்கிப்போவ் என்ற அதிகாரி பேசி அவரை அமைதிப்படுத்தியதாகவும் உடன் பயணித்த ஒருவர் பின்னாளில் தெரிவித்தார். எதிரியிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது அச்சம் எப்படித் தடுக்கும்? அன்று தடுத்தது புழுக்கத்திலும் நிதானம் இழக்காத ஒரு மனிதர். 1983 செப்டம்பரில், அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகத் தன் நாட்டுக் கணினி அறிவித்தும் அதைப் பிழை என்று கணித்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவும் அத்தகையவரே. இவர்களின் நிதானத்தை ஆயுதத்தின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது.

மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஏவுகணை பறக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே அந்த அவகாசம் சில நிமிடங்களே. 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளையாக அதில் வெடிபொருள் இல்லை. அது தொழில்நுட்பக் கோளாறு என்று இந்திய அரசு வெளிப்படையாக அறிவித்தது மார்ச் 11 அன்றுதான். ஒரு பதற்றமான வாரத்தில் இது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

உயரே எழும்பி வளைபாதையில் வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளின் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்க இரு நாடுகளும் 2005-இல் செய்துகொண்ட ஒப்பந்தம், விமானம்போலப் பறந்து செல்லும் குரூஸ் ஏவுகணைகளுக்குப் பொருந்தாது. மியான் சன்னுவில் விழுந்ததோ குரூஸ் வகையைச் சேர்ந்தது. எத்தனை குண்டுகள் போதும் என்ற விவாதத்துக்குத் தரப்படும் கவனத்தில் ஒரு பகுதியாவது இந்த ஓட்டையை அடைப்பதற்கும், தவறுதலாக ஓர் ஏவுகணை கிளம்பினால் அந்த நிமிடமே மறுதரப்புக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும் என்ற விதியை எழுதி வைப்பதற்கும் தரப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்