கரப்புடுப்பும் கறுப்பு மையும்

கல்லடி, மட்டக்களப்பு,
16.02.2025

அன்பு மச்சான்,

கடிதம் எழுது என்று நீ கேட்டது தைப்பொங்கலுக்கு முதல் நாள். நான் வழக்கம்போல ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். கோபிக்காதே. பேரன் பிறந்த வீட்டில் ஒரு கிழவனுக்குக் கதிரையே கிடைக்காது, கடதாசியும் பேனையும் எங்கே கிடைக்கும்? மனிசி இன்னும் மகளோடு சிங்கப்பூரில்தான் இருக்கிறாள். வேளாண்மை வெட்டு வந்துவிட்டது என்று சாட்டுச் சொல்லி நான் மட்டும் ஜனவரி 26 ஆம் திகதி வந்து சேர்ந்தேன். வயலை மெஷின் வெட்டுகிறது, நான் வரம்பில் குடையோடு நிற்கிறேன். அவ்வளவுதான் என் வேளாண்மை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அங்கே நான் பார்த்த ஒரு கண்காட்சியைப் பற்றி உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதோடு உன்னிடம் ஒரு பொருளும் வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

மகளுக்கு என்னை எங்கே கூட்டிப் போவதென்று தெரியவில்லை. முப்பது வருசம் சித்திரம் படிப்பித்த மனிசனைக் கடைத்தொகுதிக்குக் கூட்டிப் போனால் வாசலில் குந்திக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏற்றினாள். இறங்கிய நிலையத்தில் ‘நகர மண்டபம்’ என்று தமிழில் பலகை. எனக்கு அதுவே போதும், திரும்பிப் போகலாம் என்றேன். சிரித்துக்கொண்டே தேசிய கலைக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். டிக்கெட் என்ன விலை என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

கட்டடம் இரண்டு. ஒன்று பழைய உயர் நீதிமன்றம், 1939 இல் கட்டி முடித்தது. மற்றது நகர மண்டபம். 1945 செப்டெம்பர் 12 ஆம் திகதி ஜப்பான்காரர் சரணடைந்து கையெழுத்து வைத்தது அதற்குள்தான். இரண்டையும் ஒன்றாக இணைத்து 2015 இல் கலைக்கூடமாகத் திறந்திருக்கிறார்கள். கைதிகளை அடைத்து வைத்த சிறு கூண்டுகளைக்கூட அப்படியே விட்டிருக்கிறார்கள். வழக்குப் பேசிய இடத்தில் இப்போது படம் பேசுகிறது என்று மகளிடம் சொன்னேன். “அப்பா, மெதுவாகக் கதையுங்கோ” என்றாள்.

அங்கேதான் லிம் ட்ஸெ பெங் என்ற ஓவியரின் கண்காட்சி நடந்தது. கண்காட்சிக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘லிம் ட்ஸெ பெங் ஆகுதல்’. மனிசன் 1921 இல் பிறந்தவர். போன ஒக்டோபரில் கண்காட்சி தொடங்கும்போது அவருக்கு வயது 103. சித்திரக் கல்லூரி எதிலும் படித்தவரில்லை, தானாகப் பழகியவர். தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார். பிறகு அதிபர். 1981 இல் ஓய்வு பெற்றார். நாங்கள் ஓய்வு பெற்றதும் என்ன செய்தோம்? கோயில் திருவிழாக் கணக்குப் பார்த்தோம். அவர் முழுநேரமும் தூரிகையைப் பிடித்துக்கொண்டார். 2003 இல் அந்த நாட்டின் கலாசாரப் பதக்கம் கிடைத்தபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

சிங்கப்பூர் ஆறு இப்போது கண்ணாடி மாதிரி ஓடுகிறது. ஒரு காலத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகுகளும் மூட்டை தூக்கிகளும் சேறும் நாற்றமுமாக இருந்ததாம். 1977 இல் தொடங்கிப் பத்து வருசம் அதைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். சரக்குப் படகுகளை 1983 இல் வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மனிசன் அந்தக் காலத்தில்தான் தாளையும் மையையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையிலும் சீனர் தெருக்களிலும் போய்க் குந்தியிருக்கிறார். இருந்த இடத்திலேயே, கண் முன்னால் இருப்பதைப் பார்த்து, நூற்றுக்கணக்கான படங்கள்.

ஒரு ஆற்றுப் படத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். எட்டி நின்று பார்த்தால் படகுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, பின்னால் கடைவீடுகளின் கூரை. கிட்டப் போனால் படகு இல்லை, மச்சான். காய்ந்த தூரிகையால் இழுத்த நாலைந்து முரட்டுக் கோடு. அவ்வளவுதான். தண்ணீரை வரையவே இல்லை, வெறும் தாளாக விட்டிருக்கிறார். படகுகளின் அடிக்கோடு நிற்கிற இடத்தில் கண் தானாகத் தண்ணீரைக் கண்டுகொள்கிறது. எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் “தண்ணிக்கு நீலம் அடிக்கேல்லையே” என்று நான் சிவப்புப் பேனையால் எழுதியிருப்பேன்! அந்தப் பாவமெல்லாம் அங்கே நினைவுக்கு வந்தது.

பிந்திய காலத்தில் பெரிய பெரிய மரங்களை வரைந்திருக்கிறார். பிறகு எழுத்தா படமா என்று தெரியாத ஒரு வகை. சீன எழுத்தை எழுதத் தொடங்கி, கோட்டின்மேல் கோடு விழுந்து, கடைசியில் வாசிக்க முடியாமல் போகிறது. அதற்கு அவர் வைத்த பெயரே ‘குழம்பிய எழுத்து’ என்ற கருத்துத்தான். எனக்கு அது பிடிபடவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் எண்பது தாண்டியவன் தன் கைக்கு ஒரு புது விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறான் என்றால், பிடிபடாமல் போனது என் குறையாகவும் இருக்கலாம்.

நான் ஊருக்கு வந்து எட்டாம் நாள், பெப்ரவரி 3 ஆம் திகதி, மனிசன் போய்விட்டார். மகள்தான் செய்தி அனுப்பினாள். கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, மார்ச் வரைக்கும். நாட்டின் பெரிய மண்டபத்தில் தன் படங்கள் தொங்குகிற காலத்திலேயே ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் சுவாமி விபுலானந்தரின் நினைவுதான் வந்தது. காரைதீவில் 1892 இல் பிறந்த மனிசன், பல வருசம் உழைத்துப் பழந்தமிழ் இசை பற்றிய யாழ்நூலை எழுதி, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் கண்டார். ஜூலை 19 ஆம் திகதி போய்விட்டார். ஆறு கிழமைதான் இடையில். அதையாவது கண்டார். மற்றவர்களை யோசித்துப் பார்.

நான் யோசித்தது எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரை.

ஒன்பதாம் வகுப்பில் கொழும்புக்குச் சுற்றுலா போனது ஞாபகம் இருக்கிறதா? இரவு ரயிலில் போய், விடியக் கோட்டையில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு தேசிய அரும்பொருட்காட்சிச் சாலைக்குள் நடந்தோம். 1877 இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசனின் சிங்காசனத்துக்கு முன்னால் மற்றவர்கள் வாயைப் பிளந்து நிற்க, நீ கோலம் என்ற சிங்கள நாட்டுக்கூத்து ஆடுகிறவர்களின் முகமூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “சேர், எங்கட கூத்துக் கிரீடம் எந்த அறையில இருக்கு?” என்று கேட்டாய். வாத்தியார் உன் தலையில் ஒரு குட்டு வைத்து வரிசையில் தள்ளினார். அந்தக் கேள்விக்கு ஐம்பது வருசமாக யாரும் பதில் சொல்லவில்லை. சிங்கப்பூரில் அந்த ஆற்றுப் படத்துக்கு முன்னால் நின்றபோது உன் குரல்தான் காதில் கேட்டது, அதுவும் அந்த உடைந்த குரல்.

கூத்தை வெளியே கொண்டு போகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போனார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போய்ப் பழக்கினார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடியதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருக்கி மேடையில் ஏற்றினார்கள். சுருக்கியது பிழை என்று இப்போதும் சிலர் கதைக்கிறார்கள். அது நடந்திராவிட்டால் படித்தவர்கள் கூத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனால் மேடைக்குப் போனது ஆட்டமும் பாட்டும். அண்ணாவியாரின் வீட்டு மூலையில் இருந்த மரப்பெட்டி அங்கேயே இருந்தது.

எங்கள் அண்ணாவியாருக்கு எண்பத்துநாலு வயதில் ஒரு இடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். எந்த இடம் என்று எழுதவில்லை. நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். பிரதம அதிதி வந்தது பன்னிரண்டரைக்கு. பொன்னாடை போர்த்தி, பிளாஸ்டிக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு வரி பாடச் சொன்னார்கள். மனிசன் தொண்டையைச் செருமி விருத்தத்தை எடுத்து முடிக்கவில்லை, நேரம் போய்விட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார். காற்று வாங்கிக்கொண்டு, “பசிக்குது மனே” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாரியைக் காணாமலே போய்விட்டார்.

இன்னொரு கதையும் இருக்கிறது. ஒரு விழாவில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அவருடைய நல்ல கிரீடத்தை ஒருவர் வாங்கிப் போனார். அது திரும்பி வரவே இல்லை. அவருடைய பேரன் இரண்டு தரம் போய்க் கேட்டான், மறுகா விட்டுவிட்டான்.

போன கிழமை நான் அந்தப் பேரனின் வீட்டுக்குப் போனேன். பெட்டி மாட்டுக் கொட்டிலுக்கு மாறியிருக்கிறது. திறந்ததும் எலிப் பீ நாற்றம். மேலே கொப்பிகள், நாலு மூலையும் எலி தின்றது. பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிற வரவு விருத்தங்களை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். ஒரு சோடித் தாளம். தோல் கிழிந்த மத்தளம். அதற்கும் கீழே, நம்ப மாட்டாய், நீ கூத்துக்கு உடுத்த கரப்பு!

துணி உக்கிப் போய்விட்டது. ஆனால் பிரம்பு வளையங்கள் இருக்கின்றன. மேல் வளையம் இடுப்பளவு, அதற்குக் கீழே ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, கோழி கவிழ்க்கிற கரப்பு மாதிரியே. கட்டுகள் இன்னும் நெகிழவில்லை. நான் கையில் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கினேன், முழுவதும் ஒன்றாக அசைந்து நின்றது. உனக்கு அவர் சொல்லித் தந்தது நினைவிருக்கும்: “கரப்பு உடுத்தவன் நடக்கப்படாது மனே. கரப்பு அசையணும், நீ உள்ளுக்குள்ள நிக்கணும்.” அபிமன்யு உடுப்போடு நீ முதல் வரவுக்கு வந்து, கரப்பு ஒரு பக்கமும் நீ மறுபக்கமுமாகச் சரிந்து, பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்ததும் நினைவிருக்கும்.

பழைய கிரீடம் ஒன்றும் அதற்குள் இருக்கிறது, இடது பக்கத் தட்டு இல்லாமல். நாங்கள் கடை வாசல்களில் பொறுக்கிய சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிசை நேராக இருப்பது அண்ணாவியார் ஒட்டியது, கோணலாகப் போவது என் வேலை.

பேரனோடு பேசிவிட்டேன். கரப்பையும் கிரீடத்தையும் கொப்பிகளையும் என் முன் அறைக்குக் கொண்டு வந்தாயிற்று. கொப்பிகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறாள். நான் கரப்பை அளந்து வரைகிறேன். வளையத்துக்கு வளையம் எத்தனை அங்குலம், எந்த முடிச்சு, எத்தனை சுற்று என்று எல்லாம். வண்ணம் பூசவில்லை, கறுப்பு மையால் கோடு மட்டும். வாழ்நாளில் முதல் தரம் ஒருவருக்கும் புள்ளி போடாமல் வரைகிறேன். எந்த அரும்பொருட்காட்சிச் சாலை கேட்கும், கேட்காது என்று எனக்கு யோசனை இல்லை. வைகாசிக்குள் எங்கள் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் வைப்போம் என்று நினைத்திருக்கிறேன். பக்கத்தில் அவரிடம் பழகியவர்களில் உயிரோடு இருக்கிற ஐந்து பேரை இருத்த வேண்டும். அதில் இரண்டு பேருக்குத் தாளம் இன்னும் கையில் நிற்கிறது. பிரதம அதிதி கிடையாது.

இப்போது நான் கேட்க வந்தது. கிரீடத்தின் இடது தட்டு எப்படி இருந்ததென்று எனக்கு முழுதாக வரவில்லை. மயில் கழுத்து மாதிரி வளைவா, தாமரை இதழா? பேரனுக்கும் தெரியாது. உன் வீட்டுக் கூடத்தில், மனைவியின் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே, நீ அபிமன்யு வேசத்தில் நிற்கிற படம் இருக்கிறதல்லவா? உனக்குப் பின்னால் மத்தளத்தோடு அண்ணாவியாரும் பாதி தெரிகிறார். என் கலியாணப் படங்களோடு மற்றப் பிரதி 78 சூறாவளியில் போய்விட்டது. இருப்பது உன்னிடம் மட்டும்தான்.

போனில் எடுத்து அனுப்பு. கண்ணாடிச் சட்டத்தோடு எடுக்காதே, போன தரம் மாதிரி உன் வழுக்கையும் பின்னால் உள்ள மின்குமிழும்தான் விழும். சட்டத்தைக் கழற்றி, யன்னல் பக்கம் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடு. தலைப்பக்கத்தை மட்டும் கிட்டவாக இன்னொன்று. படத்தின் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறதென்றும் பார். திகதி போட்டதாக ஞாபகம்.

மனிசி மாசிக் கடைசியில் வருகிறாள். உன் தங்கச்சி போன கிழமை இரண்டு கிலோ கூனி இறால் கொண்டு வந்து தந்தாள், அண்ணனுக்குச் சொல்லுங்கோ என்றாள். சொல்லிவிட்டேன்.

உன் பழைய கூட்டாளி