மெக்கின்டோஷின் சிமெண்டும் நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு மலரில் ஸ்காட்லாந்து கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதே மலரின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில், 2023 டிசம்பர் நெல்லை வெள்ளத்தில் நனைந்த பழைய வீடுகளுக்கு ஒரு யோசனை: 'சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினால் ஓதம் நின்றுவிடும்.' முன்பக்கத்து மனிதரின் கதையை முழுசாகச் சொல்லியிருந்தால் பின்பக்கத்து யோசனையை நீங்களே நிறுத்தி வைத்திருப்பீர்கள்.

கட்டுரையில் முதலில் திருத்த வேண்டியது, கிளாஸ்கோ கலைக் கல்லூரிக் கட்டடத்தை 'இன்றும் கம்பீரமாக நிற்கிறது' என்று எழுதியிருப்பது. 2014 மே 23-ல் அங்கே தீப்பிடித்து அதன் பேர்போன நூலகம் சாம்பலானது. புரொஜெக்டர் சூட்டில், நுரைப்பசை டப்பாவிலிருந்து கசிந்த வாயு பற்றியதாக தீயணைப்புத் துறை சொன்னது. அறைகளுக்குச் சூடான காற்று அனுப்ப மெக்கின்டோஷ் சுவருக்குள் விட்டிருந்த காற்றுக் குழிகள் வழியாகவே தீ மாடிக்கு மாடி ஏறியது. சீரமைப்பு முடியும் தறுவாயில், 2018 ஜூன் 15 இரவு, மறுபடியும் எரிந்தது. மிஞ்சியது வெளிச்சுவர்தான்.

அவர் 1868-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஹனிமன் - கெப்பி அலுவலகத்தில் 1889-ல் வரைவாளராகச் சேர்ந்து, மாலையில் கலைக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரிக்கே புதுக் கட்டடம் கட்ட 1896-ல் அறிவித்த போட்டியில் அலுவலகம் ஜெயித்தது. கிழக்குப் பாதி 1899-லும், மேற்குப் பாதி 1909-லும் முடிந்தன. இடையில் குவீன்ஸ் கிராஸ் தேவாலயம், ஸ்காட்லாந்து தெருப் பள்ளி, கேட் கிரான்ஸ்டன் அம்மாளின் வில்லோ தேநீர்க் கடை, ஹெலன்ஸ்பரோவில் 'ஹில் ஹவுஸ்' வீடு. கட்டடம் கட்டிய காலம் என்று பார்த்தால் ஏறக்குறைய அந்தப் பதின்மூன்று வருஷம்தான். 1914-ல் கிளாஸ்கோவை விட்டுப் போனார். வால்பர்ஸ்விக் கிராமத்தில் ஜெர்மன் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். லண்டனில் சில வருஷம், பிறகு தெற்கு பிரான்ஸில் நீர்வண்ண ஓவியம், 1928-ல் மரணம். நாற்காலியும் ரோஜாப் பூ வேலைப்பாடும் பற்றி நீங்கள் எழுதியதே போதும். நமக்கு வேண்டிய சங்கதி ஹில் ஹவுஸில் இருக்கிறது; கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது.

வால்டர் பிளாக்கி என்ற பதிப்பாளருக்காக 1902 முதல் 1904 வரை கட்டிய வீடு அது. சிவப்பு ஓடு வேண்டாம், மரச்சட்டம் வேண்டாம், சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான சுவரும் கல்பலகைக் கூரையும் போதும் என்று பிளாக்கி கேட்டார். ஸ்காட்லாந்தின் பழைய கோட்டை வீடுகளுக்கும் அப்படித்தான் பூச்சு. ஆனால் அங்கே காலங்காலமாகச் சுண்ணாம்பில் பொடிக்கல் கலந்து வீசி அடிப்பார்கள். மெக்கின்டோஷ் அதே தோற்றத்தை அன்றைய புதுச் சரக்கான போர்ட்லண்ட் சிமெண்டில் செய்தார். போதாததற்கு, சுவர் முழுக்க ஒரே கல்லில் செதுக்கினது போல் தெரிய வேண்டும் என்று, கைப்பிடிச் சுவர் தலையிலும் புகைபோக்கித் தலையிலும் மூடுகல் வைக்காமல் பூச்சையே மேலே வரை சுற்றிவிட்டார். தண்ணீர் தள்ளி விழ எந்த விளிம்பும் இல்லை.

சிமெண்ட் பூச்சு இறுகும்போது மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் மழைத் தண்ணீர் உள்ளே போகும். போனது வெளியே வர வழி கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் இப்படி ஊறி ஊறி, சுவர் தண்ணீர் குடித்த பஞ்சு போல் ஆனது. வேறு வழியில்லாமல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, 2019-ல் வீடு முழுவதையும் மூடி ஒரு பெரிய கூண்டு கட்டியது. மேலே கெட்டியான கூரை. பக்கங்களில் துருப்பிடிக்காத எஃகு வளையங்களைக் கோத்த சங்கிலி வலை: மழையைத் தடுக்கும், காற்றை விடும். உள்ளே வீடு காய்ந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய கலைஞன் சரக்கு தேர்ந்ததில் செய்த ஒரு பிசகுக்கு இவ்வளவு வைத்தியம்.

ஹெலன்ஸ்பரோ மழை நமக்கு இல்லைதான். நம் பக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிறது, உப்பையும் கூட்டிக்கொண்டு. பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் (1826), வண்ணாரப்பேட்டையில் சுலோச்சன முதலியார் பாலம் (1843), கிளாஸ்கோவில் படித்த கால்டுவெல் இடையன்குடியில் கட்டி 1880-ல் திறந்த தேவாலயம், அக்ரகாரத்து வீடுகள், கிராமத்துக் காரை வீடுகள் எல்லாமே சிமெண்ட் இந்தப் பக்கம் புழங்குவதற்கு முந்தியவை. (தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே 1949-ல்.) அந்தக் காலத்துச் சுவர் பதினாலு, பதினெட்டு அங்குலத் தடிமன், செங்கல்லும் மெத்து, சாந்தும் மெத்து, அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து உறிஞ்சிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறி வெயிலில் காய்ந்துவிடும் என்ற கணக்கில் கட்டியவை. உப்பு வந்து பூப்பதும் பூச்சில்தான். பூச்சு பொரிந்து கொட்டும், பத்திருபது வருஷத்துக்கு ஒரு தடவை பூசிக்கொள்ளலாம். செங்கல்லுக்குச் சேதம் இல்லை.

இதன்மேல் மூன்றடிக்கு சிமெண்ட் பட்டை போட்டால் என்ன ஆகும்? போட்ட வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். ஓதம் நின்றது என்று வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இரண்டாவது மழைக்குப் பட்டைக்கு மேலே, நாலடி, ஐந்தடி உயரத்தில், மேகம் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரியும். மூன்றடிக்குள் வெளியேற முடியாத ஈரம் வழி தேடி மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே பட்டையை ஐந்தடிக்கு உயர்த்துவார்கள். ஓதம் ஏழடிக்குப் போகும். நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பட்டையைப் பெயர்த்தால் பின்னால் செங்கல் முகம் ரவை மாதிரி உதிரும்; விரலை வைத்தால் அரை அங்குலம் உள்ளே போகும். சிமெண்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே உடைத்த வேலை அது. மேலே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்திருந்தால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

வீடு சிமெண்டிலேயே கட்டிய கான்கிரீட் வீடாக இருந்தால் சிமெண்ட் பூச்சுதான் சரி. எங்கள் பேச்சு சுண்ணாம்பில் கட்டிய சுவரைப் பற்றி மட்டும்.

வெள்ளத்தில் நனைந்த சுவருக்கு ஏற்கெனவே சிமெண்ட் பட்டை போட்டுவிட்டவர்கள் அதை எடுக்கத்தான் வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடம் தானே பெயர்ந்து வரும். மிஷின் வைத்து இடிக்கக் கூடாது, செங்கல் முகமும் சேர்ந்து போய்விடும். உளியும் சிறு சுத்தியும் போதும், ஓரத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். ஈரக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரை பழைய பூச்சையும் எடுத்துவிடுங்கள், அதுவரை உப்பு ஏறியிருக்கும். இணைப்புகளில் உளுத்த சாந்தை அரை முதல் முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்கள். பிறகு உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து, முறத்தில் அள்ளி, தெருவுக்குக் கொண்டு போய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

அதன்பின் சுவரைச் சும்மா விட வேண்டும். குறைந்தது ஒரு கோடை முழுக்க. இதைச் சொன்னால் ஒப்பந்தக்காரர் யாரும் கேட்பதில்லை, வீட்டுக்காரருக்கும் பொறுமை இல்லை. ஆனால் பதினெட்டு அங்குலச் சுவர் பதினைந்து நாளில் காயாது.

சுண்ணாம்பைக் கல்லாகவே வாங்குங்கள். மூட்டையில் வரும் பொடி எத்தனை மாதம் காற்றுப்பட்டுக் கிடந்ததோ, அதில் பிடிப்பு இருக்காது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இப்படித் தாளித்ததை, அதாவது நீற்றியதை, சல்லடையில் வடிகட்டி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரமாவது ஊற விடுங்கள். நீறாத கட்டி ஒன்று தப்பிப் பூச்சுக்குள் போனால் ஆறு மாதம் கழித்து அது நீறி, சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் கண் விழும்.

மணல் கூர்மையாக, சலித்ததாக இருக்கட்டும். தேரிக்காட்டுச் செம்மணல் பார்வைக்கு அழகு. பொடியாகவும் உருண்டையாகவும் இருப்பதால் பூச்சுக்கு ஆகாது. கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். எம்-சாண்ட் என்றால் அலசித் தூசி போக்கிக்கொள்ளுங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு, பூச்சுக்குக் குடிதண்ணீர்தான்.

அடிப்பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. தூளுக்கு மிதமாக வெந்த செங்கல் வேண்டும். கருகி இரும்பாய்ப் போன செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது, வெறும் மணல்தான். நூறு சதுர அடிக்கு அரை அங்குலப் பூச்சு என்றால் கணக்குப்படி நாலேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. இணைப்பில் போவதும் கீழே விழுவதும் சேர்த்து ஐந்து கன அடி மணலும், ஒன்றே முக்கால் கன அடி சுண்ணாம்பும் எடுத்து வைத்தால் சரியாக இருக்கும். செங்கல் தூள் கலந்த சாந்தை அன்றன்றைக்கே பூசிவிட வேண்டும். தூள் இல்லாததை ஒரு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்துத் திரும்பக் குழைத்தால் இன்னும் நன்றாக வரும். செக்கில் அரைத்த சாந்துக்கு ஈடு கிடையாது, ஆனால் செக்குக்கு எங்கே போவது? கலவை மிஷினில் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

கடுக்காய்த் தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இருபது லிட்டர் தண்ணீருக்குக் கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் ஒரு கிலோ, கருப்பட்டி ஒரு கிலோ, மூன்று நாள் ஊறல். மேல்பூச்சுக்கு இது மெருகு தரும். உடன்குடிக் கருப்பட்டி மலிந்த ஊர் என்பதற்காக அள்ளிப் போட வேண்டாம். கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும், சுவர் பழுப்படிக்கும், எறும்பும் வரும்.

பூசுவதற்கு முந்தின மாலை சுவரை நனையுங்கள், காலையில் இன்னொரு தடவை. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். மறுநாள் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், லேசாகத் தண்ணீர் தெளித்து மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். சிமெண்டில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு வாரம் கழித்து மேல்பூச்சு, கால் அங்குலத்துக்குள். பத்து நாளாவது ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். ஆனி, ஆடியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும், சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்னே காய்ந்து மாவாக உதிரும். தை, மாசி, பங்குனி நல்லது. மேலே வெள்ளை மட்டும்: துணியில் வடிகட்டிய சுண்ணாம்புப் பால், மெல்லிசாக மூன்று கை.

கடைசியாக மெக்கின்டோஷின் இன்னொரு பிசகு. பழைய வீட்டைப் 'புதுசாக்க' வரும் சிலர் கைப்பிடிச் சுவர்த் தலையில் இருக்கும் துருத்தலையும் கொடுங்கையையும் செதுக்கிவிட்டு, நேர்ச்சுவராக மழமழவென்று இழுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு அங்குலத் துருத்தல் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. அதன் அடியில் விரல் அகலக் காடி (நீளப் பள்ளம்) ஒன்று ஓடும். மழைத் தண்ணீர் அங்கே அறுந்து சொட்டும், சுவரில் வழியாது. உங்கள் வீட்டில் அதை ஏற்கெனவே எடுத்திருந்தால், மழைக்கு முன் சுவர்த் தலையில் வெளிப்பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிக் கடப்பாக் கல் பதித்து, அடியில் காடி வெட்டச் சொல்லுங்கள்.

வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் வந்த அந்த மூன்றடி யோசனைக்கு, ஐப்பசி பிறக்கும் முன் அதே இடத்தில் ஒரு திருத்தம் போட வேண்டுகிறோம். அதைப் படித்துவிட்டு மூட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கும் சிலர்,
பாளையங்கோட்டை.