அப்பாவுக்கு நாலு வரி

ஸ்கார்பரோ,
ஜனவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் தங்கச்சியும் சுகமா? நீ சொல்லி அவள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்கு முன்பே பதில் போட்டிருக்க வேண்டும். அப்பாவின் திதி நோட்டீஸுக்கு நாலு வரி கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை. தள்ளித் தள்ளிப் போய்விட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே குளிர் கடுமை. சில ராத்திரி சைபருக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. அறை மாற்றியிருக்கிறேன். தரைக்குக் கீழே இருக்கிற அறை என்பதால் காற்று அடிக்காது, வசதியாகத்தான் இருக்கிறது. தமிழ்க் கடைகள் பக்கத்திலேயே உண்டு, கருவாடுகூடக் கிடைக்கிறது. போன வாரம் குழம்பு வைத்தேன். உன் ருசி வரவில்லை. புளி முதலிலா, கருவாடு முதலிலா என்று தங்கச்சியை எழுதச் சொல்.

பனி விழுந்தால் இங்கே ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், லாரி லாரியாக. உப்புப் பட்டதும் பனிக்கட்டி இளகிவிடும், வண்டி சறுக்காது. குளிர் ரொம்பக் கூடினால் உப்பும் பலிக்காது. ஹியூரன் என்று கடல் மாதிரி ஒரு ஏரி. அதன் அடியில் 1,800 அடி ஆழத்தில் சுரங்கம் வெட்டி இந்த உப்பை எடுக்கிறார்கள். பாத்தி இல்லை, வெயில் இல்லை. பாறையை உடைத்து எடுப்பதால் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அப்பா பார்த்தால் கையால் தொட்டிருக்க மாட்டார்.

மேல் வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். விடியற்காலையில் படிக்கட்டுக்கு உப்புத் தூவுவார், அதுவும் கரண்டியால் அளந்து. மத்தியானம் கரையாமல் கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டி, திரும்ப வாளியில் போட்டுக்கொள்வார். முதல் தடவை அதைப் பார்த்தபோது நெஞ்சை அடைத்துவிட்டது. வீட்டில் உப்புச் சிந்தினால் அப்பா ஒரு மணி விடாமல் பொறுக்குவாரே, அதே குனிவு.

அம்மா, முள்ளக்காட்டு உப்பளத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா சைக்கிள் எடுக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்று ஓடுவார். நான் லீவில் கூட வந்து பாத்தி மிதித்த அன்று, அரை நாளில் என் கால் வெடித்துவிட்டது. அவர் முப்பது வருஷம் அதில் நின்றார். தங்கச்சி உன் வயிற்றில் இருந்தபோது உன் பங்கு உப்புப் பெட்டியையும் அவரே சுமந்தாராம், ஆச்சி சொல்லியிருக்கிறாள். உப்பின் வெள்ளை கண்ணைக் கூசாமல் இருக்க கண்ட்ராக்டர் ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தபோது அதை உன்னிடம் தந்துவிட்டார். கடைசியில் அவர் கண்தான் மங்கியது. நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதத் தோன்றியது.

2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்போது அம்பாரம் அம்பாரமாக உப்புக் கரைந்தது. போனில் அதைச் சொல்லிவிட்டு அப்பா அடுத்த வார்த்தையாகக் கேட்டது, "உனக்கு அங்க போர்வை போதுமாடா?"

போன வியாழக்கிழமை ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போது ரோட்டோரம் உப்பு கொஞ்சம் குவிந்து கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அவரைத் தூக்கிப்போகும்போது தோள் கொடுக்க நான் இல்லை. எனக்கு ஊருக்கு வர வேண்டும் அம்மா.

சரி, காரியத்துக்கு வருகிறேன். திதிக்குள் வர லீவு கிடைக்கவில்லை. கோடையில் பார்க்கிறேன். பணம் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பேங்கில் ஏதோ தாமதம், கவலைப்படாதே. திதிச் செலவுக்கு யாரிடமும் வட்டிக்கு வாங்காதே. சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் தருவார்.

பாத்தி சீர் செய்ய ஆள் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ போகாதே. போயே ஆக வேண்டும் என்றால் கண்ணாடி இல்லாமல் அளத்தில் இறங்காதே. உப்பளத் தொழிலாளிகளுக்கான மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் அப்பாவின் தொழிலாளர் அட்டைக்குத்தானே வந்தது? உன் பெயரில் அட்டை இருக்கிறதா என்று தங்கச்சி போய்க் கேட்டு வரட்டும். அவள் பரீட்சைப் பணத்தை நான் தனியாக அனுப்புகிறேன்.

அப்புறம் நோட்டீஸ். ஸ்டுடியோவில் சொல்லி அப்பா படத்துக்குக் கோட்டு ஒட்டலாம் என்கிறாராம் மாமா. வேண்டாம். தலையில் துண்டு கட்டி, வாருபலகையோடு நிற்கிற படம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதையே போடுங்கள். பெயருக்குக் கீழே 'உப்பளத் தொழிலாளி' என்று பெரிய எழுத்தில் அடிக்கச் சொல். மற்ற வரிகளை நீயே சொல்லு, தங்கச்சி எழுதிக்கொள்வாள்.

உன் அன்பு மகன்