ஜூன் 30-ஆம் தேதி முடியும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஜெர்மன் கால்பந்து பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தச்சுத் தொழில் பழகிய மிரோஸ்லாவ் க்ளோஸே, கீழ்நிலை லீக்குகளில் ஆடத் தொடங்கி, உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்த சாதனையாளராக உயர்ந்த கதையைக் கட்டுரையாளர் சுவையாகவே சொல்லியிருந்தார். கடைசிப் பத்திதான் என்னை உறுத்தியது. அப்படி மேலேறாமல் மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே தங்கிவிட்டவர்களை ‘அரைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள்’, ‘வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டூயிஸ்பூர்க் நகரில் வசிப்பவன் நான். அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டுகள் பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருந்திருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 1963-இல் தொடங்கிய முதல் நிலை லீக்கான புண்டஸ்லிகாவுக்குக் கீழே 1974 முதல் இரண்டாம் புண்டஸ்லிகா நடக்கிறது. அதற்கும் கீழே 2008-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தொடங்கிய மூன்றாம் லீக், 20 கழகங்களுடன் நாடு முழுவதற்கும் ஒன்றாக நடக்கும் முழுநேரத் தொழில்முறைப் போட்டியாகும். அதில் ஆடுபவர் கழகத்தின் ஊழியர். மாதச் சம்பளத்தில் வரியும் சமூகக் காப்பீட்டுத் தொகையும் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார்கள். 2024-25 பருவத்தில் பால்டிக் கடலோரத்து ரோஸ்டாக்கும் மியூனிக்கை ஒட்டிய உன்டர்ஹாகிங்கும் இதே லீக்கில் இருந்தன. இடையிலுள்ள எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து போய் 90 நிமிடம் ஆடித் திரும்புவதை அரைத் தொழில் என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையாளரின் சொல் ஓரளவு பொருந்துவது அதற்கும் அடுத்த படியில்தான். 2012 முதல் ஐந்து பிராந்தியங்களாகப் பிரிந்து நடக்கும் ரெகியோனல்லீகா என்னும் நான்காம் நிலையில், முழுநேர ஆட்டக்காரரும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவரும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். அங்கே ஐந்து சாம்பியன்கள் உருவாகிறார்கள், ஆனால் மேலே போக இருப்பவை நான்கே இடங்கள். ஆகவே ஓராண்டு முழுவதும் முதலிடத்தில் இருந்த ஓர் அணி, இரண்டு ஆட்டங்கள் கொண்ட தகுதிச் சுற்றில் தோற்று, அதே நிலையில் இன்னுமோர் ஆண்டு கிடக்க நேர்கிறது. சாம்பியன் என்றால் மேலேறியாக வேண்டும் என்று இங்குள்ள கழகங்களும் ரசிகர்களும் நெடுங்காலமாகப் போராடி வருவது இதனால்தான். கோட்டைவிட்டது யார் என்று சொல்லுமுன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஒருவரைத் தக்க காரணமின்றிக் காலவரையறை ஒப்பந்தத்தில் வைத்திருப்பதற்கு இரண்டு ஆண்டு என்ற வரம்பைச் சட்டம் விதித்திருக்கிறது. கால்பந்து ஆட்டக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மைன்ஸ் கழகத்தின் கோல்கீப்பராக இருந்த ஹைன்ஸ் முல்லர் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 2015-இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது கழகங்கள் எல்லாம் ஆடிப்போயின. மேல்முறையீட்டில் அது மாறியது. 2018 ஜனவரி 16 அன்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், உச்ச நிலை விளையாட்டில் வேலையின் தன்மையே காலவரையறைக்குப் போதிய காரணம் என்று முடித்துவிட்டது. புண்டஸ்லிகா கோல்கீப்பர் தொடுத்த வழக்கின் சுமை, கோடிகளில் சம்பாதிப்பவரை விட, ஓராண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்பவர் தோளில்தான் அதிகமாக விழுகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஒப்பந்தங்கள் அநேகமாக எல்லாமே ஜூன் 30 அன்று முடிகின்றன. வேலை முடியப்போவது தெரிந்தால் மூன்று மாதம் முன்னதாகவே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. ஆகவே மார்ச் மாதக் கடைசியில், பருவம் சூடுபிடித்து, தரமிறக்கத்திலிருந்து, அதாவது கீழ் லீக்குக்குத் தள்ளப்படுவதிலிருந்து தப்ப ஒவ்வொரு புள்ளிக்கும் அணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் ஆட்டக்காரர் ‘வேலை தேடுபவர்’ என்று படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். என் பக்கத்து வீட்டுக்காரர் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அதை நிரப்பினார். முதல் முறை, ‘கடைசியாகச் செய்த பணி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சிரித்தபடி என்னிடம் கேட்டார். இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் என்று எழுதச் சொன்னேன், அப்படியே எழுதினார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடிப்படியிலும் சமையலறை மேசையிலும் தெரிந்துகொண்டவைதான். பன்னிரண்டு வயதில் பெரிய கழகம் ஒன்றின் இளையோர் பயிற்சி மையத்தில் சேர்ந்து, அதன் இரண்டாம் அணியில் ஆடி, 23 வயதில் வெளியே வந்தவர். எங்கள் ரூர் பகுதியில் கழகங்கள் அருகருகே இருப்பதால் வீட்டை மாற்றாமலே கழகத்தை மாற்ற முடியும் என்பதற்காகத்தான் இங்கே குடிவந்ததாகச் சொன்னார். மனைவி மருத்துவமனையில் செவிலியர், ஆண்டுக்கு ஒரு முறை அவரையும் ஊர் மாற்ற முடியாதல்லவா? ஆனாலும் குடிவந்த வாரத்தில் வாங்கிய தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டியை அவர் தூக்கி எறியவில்லை. பிரித்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர், நான்கு ஆண்டுகளும் அதை அங்கேயே வைத்திருந்தார்.

அவருடைய ஒப்பந்தத்தில் ‘மூன்றாம் லீக்குக்கு மட்டுமே செல்லுபடியாகும்’ என்றொரு வாசகம் இருந்தது. கீழ்நிலைக் கழகங்களில் இது பரவலாகக் காணப்படுவதுதான். கழகம் தரமிறங்கினால், இன்னும் ஓராண்டு மீதமிருந்தாலும் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு செத்துவிடும். அடிப்படைச் சம்பளத்தோடு, களமிறங்கினால் ஒரு தொகை, புள்ளி கிடைத்தால் ஒரு தொகை என்ற ஏற்பாடு. ஆகவே பயிற்சியாளர் ஒருவரை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்த்திவைத்தால் அந்த மாத வீட்டுக் கணக்கே மாறிவிடும். வயதும் பகையாகிறது. ஆட்டநாள் பட்டியலில் 23 வயதுக்குட்பட்ட, ஜெர்மனிக்காக ஆடத் தகுதியுள்ள நால்வர் இருந்தாக வேண்டும் என்ற மூன்றாம் லீக் விதி, இளைஞர்களுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. 28 வயதுக்காரர் அதை எப்படிப் பார்ப்பார் என்பதையும் நான் நேரில் கண்டேன்.

நான்காம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இந்நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரருக்குக் களத்தில் படும் காயம் சட்டப்படி பணியிட விபத்து. முதல் ஆறு வாரம் கழகம் சம்பளம் தரும், அதன் பிறகு விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஈட்டுத்தொகையும் சிகிச்சைச் செலவும் தரும். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட காயம் ஆறிக் களத்துக்குத் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும்; ஒப்பந்தமோ ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. ஊன்றுகோலோடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தவரிடம், இன்று முதல் நீங்கள் எந்தக் கழகத்துக்கும் உரியவரில்லை என்று தெரிவிக்கும் கடிதம் வந்து சேர்ந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவன் நான்தான்.

ஆட்டக்காரர் தவறே செய்யாமல், கழகமே அவரைக் கவிழ்த்துவிடுவதும் இங்கே நடக்கிறது. எங்கள் ஊரின் எம்.எஸ்.வி. டூயிஸ்பூர்க் 2013-இல் ஆட்டத்தில் தோற்றுத் தரமிறங்காமலே, லீக்கில் ஆடும் உரிமம் மறுக்கப்பட்டதால் இரண்டாம் புண்டஸ்லிகாவிலிருந்து மூன்றாம் லீக்குக்குத் தள்ளப்பட்டது. 1860 மியூனிக் 2017-இல் தரமிறங்கிய கையோடு மூன்றாம் லீக் உரிமமும் கிடைக்காமல் நேராக நான்காம் நிலையில் போய் விழுந்தது. இவற்றைவிட விசித்திரமானது டுர்க்குசு மியூனிக்கின் கதை. 2022-இல் திவாலான அந்தக் கழகம் பருவத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டது. மூன்றாம் லீக்கில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதன் ஆட்டங்கள் அனைத்தும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதால், எதிரணிகள் வென்ற புள்ளிகளும் சேர்ந்து மறைந்தன. அந்தப் பருவத்தில் அந்த அணியின் ஆட்டக்காரர் பெய்யும் மழையில் ஓடியதும் விழுந்ததும் புள்ளிப்பட்டியலைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

கோடையில் டூயிஸ்பூர்க்கின் வேடாவ் பகுதியில் உள்ள விளையாட்டுப் பள்ளிப் பக்கம் நடந்துபோனால் வேறொரு காட்சியைக் காணலாம். 1987-இல் அமைக்கப்பட்டு இவ்வூரிலேயே இயங்கிவரும் ஆட்டக்காரர் தொழிற்சங்கம், கழகமில்லாத தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக அங்கே பயிற்சி முகாம் நடத்துகிறது. முறையான பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, கழக அணிகளோடு நட்பாட்டங்கள் என எல்லாம் உண்டு. மார்பில் கழகச் சின்னம் மட்டும் இருக்காது. ஓரத்தில் குறிப்பேட்டோடு நிற்கும் நான்கைந்து பேரைப் பார்த்து, யார் எந்தக் கழகத்துக்காக வந்திருக்கிறார்கள் என்று களத்தில் இருப்பவர்கள் ஊகித்துக்கொண்டே ஓடுவார்கள். காலில் கட்டோடு என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நாள் என்னோடு வந்து வேலியருகே நின்றார். உள்ளே ஆடியவர்களில் ஆறு பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது.

இவையெல்லாம் இரங்கத்தக்க வாழ்க்கை என்று காட்டுவதற்காக நான் எழுதவில்லை. ஹைடன்ஹைம் கழகத்தின் மார்க் ஷ்னாட்டரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் நான்காம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சிற்றூர்க் கழகத்தில் சேர்ந்து, 2009-இல் மூன்றாம் லீக்குக்கும் 2014-இல் இரண்டாம் புண்டஸ்லிகாவுக்கும் அதனோடேயே ஏறியவர் அவர். அவர் அங்கிருந்த 2020-இல், புண்டஸ்லிகாவில் ஓர் இடத்துக்காக வெர்டர் பிரேமனுடன் நடந்த தகுதிச் சுற்றில் இரு ஆட்டங்களும் 0-0, 2-2 எனச் சமனாகி, வெளியூரில் அடித்த கோல் கணக்கில் பிரேமன் தப்பியது. 2021-இல் அவர் விடைபெற்றார். 2023-இல் ரேகன்ஸ்பூர்க்கில் 0-2 என்று பின்தங்கியிருந்த ஹைடன்ஹைம், ஒரு கோலைத் திருப்பி, கூடுதல் நிமிடங்களில் மேலும் இரண்டு கோல் அடித்து 3-2 என வென்று புண்டஸ்லிகாவுக்குள் நுழைந்தபோது, அவர் மூன்றாம் லீக்கில் மான்ஹைமுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஒரு புண்டஸ்லிகா ஆட்டம்கூட ஆடாத இவரைக் கோட்டைவிட்டவர் என்று ஹைடன்ஹைமில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டாம் புண்டஸ்லிகாவில் 177 கோல் அடித்த சிமோன் டெரோடேயும், மைன்ஸுக்காக அதே லீக்கில் 325 ஆட்டங்கள் ஆடிய யூர்கன் க்ளோப்பும் ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றது இரண்டாம் நிலையில்தான். க்ளோப்பைப் பயிற்சியாளராக மட்டுமே அறிந்த வாசகர்களுக்கு இதைத் தாங்கள் நினைவூட்டலாம்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இவர்களைப் பற்றி எழுதும்போது, எந்த உயரத்தைத் தொடவில்லை என்பதோடு, எத்தனை பருவம் ஆடினார், எத்தனை முறை ஒப்பந்தம் புதுப்பித்தார், எத்தனை கழகம் கண்டார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் லீக்கை ‘அரைத் தொழில்முறை’ என்று குறிப்பிட்டதற்கு ஒரு சிறு திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காயம் ஆறியபின் கிழக்கு ஜெர்மனியில் நான்காம் நிலைக் கழகம் ஒன்றில் சேர்ந்து, மனைவியோடு குடிபெயர்ந்துவிட்டார். அங்கே பயிற்சி மாலையில்தான் என்பதால், கடந்த ஆகஸ்டில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பகல்நேரத் தொழிற்பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். அதற்கான ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. அவர் இதுவரை கையெழுத்திட்டவற்றில் அதுவே நீளமானது என்று தொலைபேசியில் சொன்னார். தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். அது இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டூயிஸ்பூர்க், ஜெர்மனி.