எங்கள் லயத்தின் புகையையும் குளிரையும் ஒரு வருடம் முழுவதும் அளக்கக் கோரும் மனு

கௌரவ பிரதேச செயலாளர் அம்மா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். கோயில் மேட்டுக்கு மேலே, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு)ப் பின்னால் இருக்கும் பழைய லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, எழுதுகிறோம். தாங்கள் அறிந்த இடம்தான். திருவிழாவுக்கு வந்தபோது அந்த வழியாகத்தான் தங்கள் ஜீப் ஏறியது. சித்திரையில் வீடுகளை அளக்க வந்தவர்கள் ‘உள்ளகச் சூழலின் சராசரி நிலை திருப்தி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதை மறுத்து இரண்டு மனு கொடுத்தோம். பதில் இல்லை. இது மூன்றாவது.

1. அவர்கள் வந்தது காலை 11 மணிக்கு, நல்ல வெயிலில். நாங்கள் எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். அடுப்பு அணைந்திருந்தது. கருவியை இஸ்தோப்பில், அதாவது வெளித் திண்ணையில், பத்து நிமிடம் வைத்தார்கள், அவ்வளவுதான்.

2. உண்மையான சராசரியே எடுத்தாலும் எங்களுக்கு உதவாது. பகலில் 26 பாகை, விடியற்காலை 12 பாகை என்றால் சராசரி 19. குளிர் பிரதேச வீடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் குறைந்தபட்சமாகச் சொன்ன 18ஐத் தாண்டிவிடும். ஆனால் அந்த 19இல் இங்கே யாரும் படுக்கவில்லை அம்மா, 12இல்தான் படுக்கிறோம்.

3. புகை. பிரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போகுமுன் 4.30க்கே அடுப்பு மூட்ட வேண்டும். ஆனி, ஆடி மழையில் விறகு ஈரம். எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். காம்பராவுக்கு (ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கு) இருப்பது ஒரே ஜன்னல். கதவைத் திறந்தால் சாரல் அடுப்படி வரை அடிக்கும், மூடினால் புகை போக வழியில்லை. கதவைத் திற என்று பாட்டி இருமுகிறாள், மூடு என்று பிள்ளை நடுங்குகிறான். யார் சொல்வதைக் கேட்பது? சின்னவனுக்கு இழுப்பு வந்தால் நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடுவது நாங்கள்தானே. சுவரில் நீர் கோத்துப் பூஞ்சணம் ஏறியிருக்கிறது, துடைத்தால் மறு வாரம் திரும்ப வரும். துவைத்த ஸ்கூல் சட்டையிலும் புகை மணம். புகையில் உள்ள நுண்துகள் ஒரு நாள் சராசரியாக கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அதே நிறுவனம் 2021இல் சொன்னது. அணைந்த அடுப்பின் முன்னால் நின்று இதை அளக்க முடியுமா?

4. கம்பஸில் படிக்கும் எங்கள் லயத்துப் பிள்ளை ஒன்று விளக்கியது: ஐரோப்பாவில் 2007இல் வந்த கட்டடத் தரநிலையில் நீண்டகால மதிப்பீட்டுக்குச் சராசரி மட்டும் போதாதாம். ஆள் இருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் எல்லை தாண்டியது என்று எண்ணச் சொன்னார்களாம், 100க்கு 3 அல்லது 5 வரை விடலாம் என்றார்களாம். சரி, எங்களுக்கும் அப்படியே எண்ணுங்கள். வருடத்துக்கு 8760 மணி நேரம். நாங்கள் வீட்டில் இருக்கும் மணி நேரத்தை மட்டும் எடுங்கள்.

5. எல்லாக் காம்பராவையும் கூட்டி வகுக்க வேண்டாம். லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவின் குளிர் நடுக் காம்பராவுக்குத் தெரியாது.

ஆகவே அம்மா, கருவியைக் காம்பராவுக்குள் வையுங்கள், தென்மேற்குப் பருவமழையையும் தை மாதப் பனியையும் அது பார்க்கட்டும். தயவுசெய்து வையுங்கள். கருவி இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், அதுவாவது பதில்தானே.

அடுத்த தடவை வருபவர்கள் காலை 4.30க்கு வரட்டும். தேத்தண்ணி நாங்கள் தருகிறோம், கதவை மூடிவிட்டுத்தான்.

இப்படிக்கு,
மேற்பிரிவு லயக் குடியிருப்பாளர்கள்,
நுவரெலியா மாவட்டம்