மழைத்துளியிலிருந்து தொடங்கு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா,
நவம்பர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முட்டிவலி கூடிவிடுகிறது. ஊரில் பெரிய சேதி, பள்ளிக்குப் பின்னால் இருந்த கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) வைக்கப் போகிறார்களாம். மேடு மொட்டையாக நிற்கிறது. மதியம் மழை பிடித்தால் சாலையோரக் கால்வாயில் தண்ணீர் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் ஓடுகிறது. நீ கேட்ட விஷயத்தை எழுத இதைவிட நல்ல மாதம் வராது.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மண்ணரிப்பைச் செய்து காட்ட வேண்டும், தெலுக் இந்தானில் ஒரு மேடுகூட இல்லையே என்கிறாய். மேடு இல்லாவிட்டால் பரவாயில்லை, பலகைக்கு அடியில் ஒரு செங்கல் போதும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் “மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, டீச்சர்” என்று ஒப்பிக்கும். அது பாதி விடைதான். அரிப்பைத் தொடங்கி வைப்பது மேலிருந்து விழும் துளி. பெரிய துளி ஒன்று 5 மி.மீ. குறுக்களவு இருக்கும், தரையைத் தொடும்போது வினாடிக்கு 9 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அது மண் கட்டியை உடைக்கிறது. உடைந்த பொடி மண்ணின் துளைகளை அடைக்கிறது. மேலே ஒரு பொருக்கு கட்டுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடுகிறது, உடைந்த பொடியையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆகையால் முதல் கேள்வி, துளி விழும் இடத்தில் மண்ணுக்கு மேல் என்ன இருக்கிறது என்பது. வேர் அதற்கு அடுத்தது.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க, மண் நிரப்பிச் சாய்த்து மேலே தண்ணீர் பெய்து பார்க்கும் வழக்கமான மூன்று போத்தலோடு நான்காவதாக ஒன்று வேண்டும். முதலில் வெறும் மண். இரண்டாவதில் வெறும் மண்ணின்மேல் இரண்டு செ.மீ. கனத்துக்கு உலர்ந்த சருகு, வேர் எதுவும் கிடையாது. மூன்றாவதில் புல். நான்காவதில் அதே புல்லை நட்டு, சோதனைக்குச் சற்று முன் கத்தரிக்கோலால் தரையோடு ஒட்ட வெட்டி, தழையைப் பொறுக்கி எடுத்துவிடு. வேர் இருக்கும், போர்வை இருக்காது. சில வகுப்புகளில் சருகுப் போத்தலைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். வேரே இல்லாமல் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக வருவதைப் பார்த்ததும், ஒப்பித்த வாய் கொஞ்சம் நிற்கும்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து, மேல்பக்கம் 20 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் இருக்கும்படி வெட்டு. மூடியைக் கழற்றிவிடு, வாய் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மண்ணின் மேல்மட்டம் வாயின் கீழ்விளிம்புக்கு நேராக நிற்க வேண்டும், இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது. மட்டம் தாழ்ந்தால் தண்ணீர் குளமாகத் தேங்கும், வெளியே வராது. உயர்ந்தால் மண்ணே மொத்தமாகச் சரிந்து வாய் வழியே விழும், பிள்ளைகள் அதையே அரிப்பு என்று எழுதிக்கொள்வார்கள். நாற்பது செ.மீ. பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால் 10 செ.மீ. உயரம், நாலுக்கு ஒன்று சாய்வு. நான்குக்கும் ஒரே சாய்வு, ஒரே மண், ஒரே அளவு அழுத்தம். தொடங்குமுன் நான்கையும் ஒரே அளவு தண்ணீரில் நனைத்துவிடு. காய்ந்த மண் முதல் தண்ணீரை அப்படியே குடித்துவிடும்.

மழைக்கு இன்னொரு போத்தல். மூடியில் சூடாக்கிய ஊசியால் பத்துத் துளை (ஊசி வேலை உன் கையில் இருக்கட்டும், பிள்ளைகளிடம் கொடுக்காதே). அடிப்பக்கத்தில் ஒரே ஒரு காற்றுத் துளை. கவிழ்த்துப் பிடித்து, காற்றுத் துளையை விரலால் மூடினால் மழை நிற்கும், திறந்தால் பெய்யும். ஊற்ற வேண்டியது 400 மில்லி. வெட்டிய இடத்தின் பரப்பு 160 சதுர செ.மீ., ஆகவே அது 25 மி.மீ. மழைக்குச் சமம், இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல். விரலை எடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் கொட்டிவிடும், அப்படி ஒரு மழை உலகத்தில் மிக அபூர்வம். விட்டு விட்டுத் திறந்து ஐந்து நிமிடமாவது இழு. உயரம் ஒரு மீட்டராவது வேண்டும். மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் துளிக்கு வேகம் இருக்காது, குவளையில் ஊற்றினாலோ ஒரே இடத்தில் குழி பறித்துவிடும்.

புல்லை விதை போட்டு வளர்க்காதே, நாள் பிடிக்கும். திடலிலிருந்து வெட்டி எடு, ஆனால் அதோடு வரும் மண்ணை உதறிவிட்டு, போத்தல் மண்ணில் பத்து நாள் முன்பே நட்டுவிடு. இல்லையென்றால் நீ ஒப்பிடுவது புல்லை அல்ல, இரண்டு வேறு மண்ணை. கடையில் விற்கும் பூச்செடி மண் உதவாது, அதில் பாதி மிதக்கும். உங்கள் கடலோரக் களிமண்ணிலும் ஒரு தொல்லை: காய்ந்து கட்டியாகிவிட்டால் கல் மாதிரி நிற்கும், வெறும் மண் போத்தலிலும் தண்ணீர் தெளிவாகவே வந்து உன் மானத்தை வாங்கும். நன்றாகப் பொடித்துச் சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் கலந்துகொள்.

வரும் தண்ணீரை உயரமான கண்ணாடிக் குவளைகளில் பிடித்து வரிசையாக வை. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டல் இறங்க மணிக்கணக்காகும். களி மறுநாளும் கலங்கலாகவே தொங்கும். ஆற்றில் வெகுதூரம் போவது அதுதான், உரச்சத்து ஒட்டிக்கொண்டிருப்பதும் அதில்தான். கலங்கலை அளக்கக் கருவி தேவையில்லை. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் காலிக் குவளையை வைத்து, தண்ணீரைக் கலக்கிவிட்டு மெல்ல ஊற்று. குறி மறையும் உயரத்தை அடிக்கோலால் அளந்து எழுதச் சொல். உயரம் குறையக் குறையக் கலங்கல் அதிகம். எடை வேண்டுமானால் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடித்து, அடிமண்ணைத் துணியில் வடிகட்டி வெயிலில் உலர்த்தி, சமையலறைத் தராசில் நிறு.

வகுப்புக்கு வெளியே செய்ய இன்னொன்று. வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை ஒரு சாண் அகலம், 80 செ.மீ. உயரம், கம்பில் கட்டி நிறுத்து. மணிலா அட்டை வேண்டாம், முதல் மழையிலேயே கூழாகிவிடும். ஒன்று வெறும் தரையில், ஒன்று புல்லில், ஒன்று கூட்டிப் பெருக்கிய மரத்தடியில். மழை விட்டதும் சேறு தெறித்த உச்சியை அளக்கச் சொல். வெறும் தரையில் முழங்காலைத் தாண்டும். மரத்தடிதான் வேடிக்கை: உயரமான மரமாக இருந்தால் அங்கேயும் நன்றாகத் தெறித்திருக்கும். இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது, எட்டு பத்து மீட்டர் இறங்கிவிட்டால் ஏறக்குறைய முழு வேகத்தையும் பிடித்துவிடும். மரம் இருந்தும் அடியில் சருகோ புல்லோ இல்லையென்றால் மண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை.

இது தோட்டத்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தாத் தோட்டங்களில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது என்பது சட்டம் மாதிரி. நம் பாட்டிமார் புல்வெட்டு வேலைக்குப் போனது அதற்குத்தான். மரம் வரிசையாக நிற்க, அடியில் தரை வழவழவென்று கிடக்க, மேல்மண் ஆற்றுக்குப் போனது. பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளும் மண் பிடிக்கும் குழிகளும் வந்தன. இப்போது செம்பனையில் போடுகிற முக்குனாக் கொடி வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்தது. இங்கே மேட்டில் அதைச் சீக்கிரம் போட்டால் நல்லது, நட்ட முதல் ஆண்டுகளில்தான் மண் அதிகம் போகும். வெட்டிய மட்டையைக்கூட சரிவுக்குக் குறுக்கே அடுக்க வேண்டும். மேலிருந்து கீழாக அடுக்கினால் பக்கத்திலேயே தண்ணீர் வாய்க்கால் போட்டுக்கொள்ளும். மேட்டில் வெட்டும் படிகள் உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்த படி, மழைக்கு ஏணி வைத்துக் கொடுத்த கதைதான். மரத்தைச் சுற்றிக் களைமருந்தடித்து வட்டம் எடுப்பது பழம் பொறுக்க வசதி. வட்டத்தோடு நிற்காமல் வரிசை முழுக்க அடிப்பவர்களை என்ன சொல்வது!

இங்கே சாலை வெட்டிய கரையில் ஒரு காட்சி இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். சின்னச் சின்னக் கூழாங்கற்கள், ஒவ்வொன்றும் தனக்கடியில் ஒரு மண் தூணை வைத்துக்கொண்டு நிற்கின்றன. கல் மறைத்த மண் நின்றது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூணின் உயரமே குறைந்தபட்ச இழப்பு. இங்கே பல தூண்கள் ஒரு விரற்கடைக்கு மேல். இதை வைத்து லோரிக் கணக்கு போடச் சொல்: ஒரு ஹெக்டரில் ஒரு மி.மீ. மண் என்றால் 10 கன மீட்டர், சுமார் 13 டன், மூன்று டன் லோரியில் நாலு நடைக்கு மேல். ஒரு மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாது. லோரி என்றதும் பையன்களுக்குப் புரிந்துவிடும்.

விளைவைச் சொல்லும்போது தொலைதூரப் பாலைவனப் படங்களைக் காட்டாதே. கேமரன் மலையில் 1963-இல் முடிந்த மின்திட்டத்துக்கான ரிங்லெட் ஏரி, மேலே காடு அழித்துப் போட்ட தோட்டங்களின் மண்ணால் தூர்ந்துகொண்டே வருகிறது. மண்ணை வாரி வாரிக் கொட்டியும் தீரவில்லை. ஏரியில் இடம் குறைந்தால் கனமழையில் தண்ணீரைத் திறந்துவிடத்தான் வேண்டும். 2013 அக்டோபரில் அப்படித் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. அதைவிடப் பக்கத்திலும் ஒன்று உண்டு. எங்கள் மேட்டு மண் பிளஸ் ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றில் சேர்ந்து, உங்கள் ஊர் வழியேதான் கடலுக்குப் போகிறது. நீ நிற்கிற சமவெளியே ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட வண்டல். வரைபடத்தில் பிள்ளைகளை விரலால் தடம் பிடிக்கச் சொல், சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை.

அண்ணன் மகள் கல்யாணம் ஜனவரியில். பத்திரிகை தனியாக வரும். அதற்கு வரும் யாரிடமாவது எங்கள் மேட்டுச் செம்மண் ஒரு சாக்கு கொடுத்தனுப்புகிறேன், உங்கள் களியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் சோதனை செய்துவிட்டால் நான்கு போத்தலின் எடையையும் எழுது. மொட்டைப் புல் போத்தல் வெறும் மண்ணுக்கும் புல்லுக்கும் நடுவில் வர வேண்டும். புல்லுக்குச் சமமாக வந்திருந்தால் தழையைச் சரியாக வழிக்கவில்லை, அடிக்கட்டை விட்டுப்போயிருக்கும். கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்று.

அன்புடன்,
பாக்கியம்